பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில்

மார்ச் 17, திங்கள்

சூரத்திலிருந்து இரண்டு பண்டல் வந்து இறங்கியது. பெருநாளுக்கு முந்தைய கடைசிச் சரக்கு. நோன்பு வயிற்றோடு ஒவ்வொரு சல்வார் செட்டாகப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு முடிப்பதற்குள் மத்தியான லுஹருக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள்.

தொழ நின்றேன். டிங். சேலையூர்க்காரியாக இருக்கும். டிங், டிங். அளவு கேட்கிறாள், எக்ஸ்எல் ஒன்றுதான் மிச்சம். ஸஜ்தாவில் நெற்றியை வைத்தபடியே, 'எக்ஸ்எல் இருக்கும்மா, கொஞ்சம் பிடிச்சுக்கலாம்' என்று அவளுக்குப் பதில் தயார் செய்துகொண்டிருந்தேன். அல்லாஹ்வுக்கு முன்னால் தலையை வைத்துக்கொண்டு! தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் கை தஸ்பீஹ் மணி பக்கம் போகவில்லை. நேராகப் போனுக்குப் போனது.

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. ஆனால் இன்று எனக்கே என்மேல் கோபம் வந்தது. வீட்டில் இருந்தபடியே வியாபாரம் நடக்கிறது, நல்லதுதான், அவன் கொடுத்ததுதான். கொடுத்தவனோடு ஐந்து நிமிடம் நிம்மதியாக உட்கார முடியவில்லை என்றால் இது என்ன பிழைப்பு?

இந்த வருஷம் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கி இதிகாஃப் உட்காரப் போகிறேன். ரமலானின் கடைசிப் பத்தும். போன் இல்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல். எழுதியாகிவிட்டது, இனி பின்வாங்கக் கூடாது.

மார்ச் 18, செவ்வாய்

விடியுமுன் ஸஹர் சாப்பாட்டில் அவரிடம் சொன்னேன். கணவர் சம்மதம் இல்லாமல் உட்கார முடியாதே. சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"பெருநாள் சீசன்லயா?"

"பெருநாளுக்கு முன்னாடிதாங்க இதிகாஃப் வரும். ஆடித் தள்ளுபடியிலயா வரும்?"

"கைனாத்துக்கு இன்னும் ரெண்டு பரீட்சை இருக்கே. ப்ளஸ் டூ, ஜஹீரா."

கைனாத் ஆம்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "உக்காரட்டும் அத்தா. அம்மா உள்ள இருந்தா யாரும் என்னை 'படி, படி'ன்னு சொல்ல மாட்டாங்க." பெற்ற மகள்!

கடைசியில் சரி என்றார். என் பாட்சா மனசு அப்படித்தான், கேட்டதும் இல்லை என்பார், தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் சரி என்பார். பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"உன் போன் யார்கிட்ட இருக்கும்?"

"உங்ககிட்டதான்."

"அல்லாஹ்!" என்றார். அது அவனை நினைத்து ஓதும் திக்ரு மாதிரி கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

மொட்டை மாடியில் ஜெயக்கொடி அக்கா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்காரம்மா. இந்தத் தெரு வயலாக இருந்த காலத்திலிருந்தே இங்கே இருக்கும் குடும்பம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகன் தயாளன் கனடாவில். கீழ் வீட்டில் அக்கா தனியாக இருக்கிறார், மாடியில் நாங்கள் வாடகைக்கு.

இதிகாஃப் பற்றிச் சொன்னதும் துணியை உதறுவதை நிறுத்திவிட்டார்.

"பத்து நாளும் வூட்டு மூலையிலயேவா கீவ?"

"ஆமாக்கா. நம்ம தொழற இடத்துல. பாத்ரூமுக்கும் ஒளு செய்யவும் மட்டும் எழுந்திருக்கலாம். மத்தபடி தேவையில்லாம வெளிய வந்தா முறிஞ்சுடும்."

"சோறு?"

"அவங்க கொண்டு வந்து தரணும்."

"போனு?"

"கிடையாது."

"நா குன்றத்தூர் மலையில ஏறி அரை அவரு உக்காந்தாலே, கீழ வூட்டப் பூட்டினோமா இல்லியான்னு கீது. நீ பத்து நாளா!" என்றவர், என் முகத்தைப் பார்த்து, "முடியலன்னா எழுந்து வந்துடு. சாமி இன்னா அடிச்சுடவா போறாரு" என்றார்.

அதுதான் என் பயமே. முதல் தடவை உட்கார்ந்தபோது தொழுகை இல்லாத நாள் வந்து பாதியில் முடிந்தது. அது என் கையில் இல்லை. போன வருஷம் ஒரு பார்சல் தொலைந்துபோனதற்கு நானே எழுந்து ஓடி வந்தேன். இந்தத் தடவை நாள் கணக்கெல்லாம் பார்த்தாயிற்று. இனி கெடுத்தால் நான்தான் கெடுக்க வேண்டும்.

மார்ச் 21, வெள்ளி

பெட்ரூமில் இரும்பு பீரோவுக்கும் ஜன்னல் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கும் அளவு இடம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் தொழும் இடம் அது. பாட்சா நைலான் கயிறு கட்டி, சூரியகாந்திப் பூ போட்ட போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டார். முஸல்லா விரிப்பு, தஸ்பீஹ், தண்ணீர்க் குடம், கண்ணாடி, கொசுவத்தி, தலையணை, இந்த நோட்டு. எதையும் மறக்கவில்லை என்று எனக்கு ரொம்பப் பெருமை. பொழுது சாய, மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே போய் மனசில் நிய்யத் வைத்து உட்கார்ந்தேன். போனை அவர் கையில் கொடுத்தபோது உடம்பே லேசானது மாதிரி இருந்தது.

நோன்பு திறந்து கஞ்சி குடித்துத் தொழுது முடித்து, அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். திரைக்கு வெளியே கைனாத்.

"அம்மா, பல்லாவரம் கஸ்டமருக்கு அந்த பிங்க் செட் அனுப்பணுமாம். அத்தா கேக்கறாங்க. எங்க இருக்கு?"

"பீரோல."

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. பெருநாள் சரக்கு மொத்தமும் பீரோவில். பீரோவின் கதவு திறப்பது என் பக்கம். திறக்க வேண்டும் என்றால் என் முஸல்லாவின் மேல்தான் நிற்க வேண்டும். பீரோ மேலே வைஃபை மோடம் வேறு பச்சையாகக் கண்ணடித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஓதிக் கொடுக்கும் ஆலிமாவுக்கு கைனாத்தை விட்டுப் போன் போட்டு, இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னேன். பதில் வந்தது: "நிய்யத் வெச்ச இடம் வெச்சதுதான்மா. பீரோவ வேணா மாத்தச் சொல்லுங்க."

அது என் நிக்காஹ்வுக்கு என் அத்தா வாங்கிக் கொடுத்த பழைய கனத்த பீரோ. நாலு ஆள் பிடித்தால்தான் அசையும். நாலு ஆம்பளைகள் வந்து தூக்க, நடுவில் நான் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? போனை விட்டு ஓடி வந்தவள் கடையையும் உள்ளே வைத்துத் திரை போட்டுக்கொண்டேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சிரித்தேன். வெளியே அவரும் சிரித்தார்.

மார்ச் 22, சனி

பிங்க் எங்கே? மெரூன் எங்கே? குழந்தை சைஸ் எங்கே? அம்மா, நெட் வரலை, மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. ஜஹீரா, டேப் எங்க? ஜஹீரா, 'ப்ரீ சைஸ்'னா எல்லாருக்கும் சேருமா?

நான் இதிகாஃபில் இருக்கிறேனா, கவுண்ட்டரில் இருக்கிறேனா?

மார்ச் 23, ஞாயிறு

இன்று நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது, ஆனால் மத்தியானம் அழுதேன்.

லுஹர் சுன்னத் தொழுகையில் நிற்கிறேன். திரையை விலக்கி பாட்சா கை மட்டும் உள்ளே வருகிறது, கையில் போன். "ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் சொல்லிடேன். ரொம்ப சத்தம் போடறாங்க." தொழுது முடித்துத் திட்டித் தீர்த்துவிட்டேன். நோன்போடு திட்டினேன், இதிகாஃபில் திட்டினேன். யா அல்லாஹ், இதுக்கா நான் உள்ள வந்தேன்? எல்லாரையும் விட்டுட்டு ஒன்கிட்ட உக்காரணும்னுதானே வந்தேன்!

பிறகு விசாரித்தால், இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிற மனுஷர் சல்வார் விற்ற அழகு இது: ஒரு பெண் மஸ்டர்ட் கலர் இருக்கா என்று கேட்டிருக்கிறாள். "மஸ்டர்ட்னா கடுகு. கடுகு கறுப்புதானே? கறுப்பு ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டேன்." மஸ்டர்ட் செட் ஒரு கட்டு முழுசாக என் தலைமாட்டில் இருக்கிறது!

எங்கள் சத்தம் கேட்டு ஜெயக்கொடி அக்கா மேலே வந்துவிட்டார். திரைக்கு வெளியே நின்றபடி, "இன்னா பேஜாரு இது? அது பத்து நாளு கும்புடலாம்னு உக்காந்துகீது, உங்குளுக்குப் பொறுக்கலியா?" என்று அவருக்கு ஒரு அதட்டல். பாட்சா அசையாமல் நின்றிருப்பார், எனக்குப் பார்க்காமலே தெரியும்.

"துணி மொத்தத்தியும் கீழ அனுப்பு, ஜஹீரா. போனையும் குடு. நா பாத்துக்கறேன்."

"ஐயோ அக்கா, உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"சிரமமா? தயாளன் ஞாத்திக்கெழம ஒருவாட்டி போன் பண்றான். மத்த நாள்ல இந்தப் போன எட்த்து, ரிங்கு வருதா, ரிப்பேரான்னு நானே பாத்துக்கினு கீறேன். உனுக்கு சத்தம் ஜாஸ்தி, எனுக்கு சும்மா கீறது ஜாஸ்தி. குட்த்துடு."

அரை மணி நேரம் நான் பீரோவிலிருந்து எடுத்து எடுத்துத் திரை வழியாகக் கொடுக்க, கைனாத்தும் அவரும் கீழே சுமந்தார்கள். பீரோ காலி. உள்ளே என் கல்யாணப் புடவையும் நாப்தலீன் உருண்டையும் மட்டும். மோடத்தையும் ஹாலுக்கு மாற்றிவிட்டார், பாவம், நான் கேட்காமலே.

மார்ச் 24, திங்கள்

யாரும் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை. விமானம் தாழ்வாக இறங்கும் சத்தம், தூரத்தில் மின்சார ரயில், பக்கத்து வீட்டுக் குக்கர். அவ்வளவுதான்.

இப்போது நிம்மதி வந்திருக்க வேண்டும் இல்லையா? வரவில்லை. தலைக்குள் இன்னும் கடை நடக்கிறது. சேலையூர்க்காரி எக்ஸ்எல் வாங்கினாளா? அக்கா சரியான ஆளுக்குச் சரியான பார்சல் கொடுத்தாரா? ஓத உட்கார்ந்தால் கண் எழுத்தில் இருக்கிறது, மனசு கீழ் வீட்டில் இருக்கிறது. கொஞ்ச நேரம் போராடினேன், அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்து ஒளு செய்து மறுபடி ஓதினேன், மறுபடி தூக்கம்.

நோன்பு திறக்கத் தட்டைக் கொண்டு வந்த பாட்சா, "உள்ளேருந்து குறட்டை கேட்டுச்சு. இபாதத் பலமா நடக்குது போல" என்றார். சண்டைக்குத் தெம்பில்லை. இவ்வளவு பாடுபட்டு வந்து தூங்கவா வந்தேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

கைனாத்துக்குக் கடைசிப் பரீட்சை. சீருடையோடு வந்து திரைக்குள் தலையை மட்டும் நீட்டினாள், சலூனில் நீட்டுவது மாதிரி. ஓதி உச்சியில் ஊதினேன். எண்ணெய் வாசனையும் சீயக்காய் வாசனையும். மற்ற பரீட்சைக்கெல்லாம் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டுதான் ஊதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மத்தியானம் வந்தவள் பையைத் தூக்கி எறிந்த சத்தம் கேட்டது. நேரே திரைக்குள் வந்து, ஒரு ஆள் இடத்தில் என்னையும் சுவரோடு ஒட்டவைத்துவிட்டுப் படுத்தாள். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்காததே அவளுக்குச் சந்தேகம்.

"ஏன்ம்மா ஒண்ணும் கேக்கல?"

"முடிஞ்சுடுச்சுல்ல? தூங்கு."

புரண்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு ஜெயக்கொடி அக்கா மாதிரி பேசிக் காட்டினாள். அக்காவுக்கு டைப் அடிக்க வராதாம், எல்லாம் வாய்ஸ் மெசேஜாம். "ஹலோ, நா கீழ்வூட்டு ஜெயக்கொடி பேசறேன். ஜஹீரா சாமி கும்புட உக்காந்துகீது. துணி வோணும்னா எங்கிட்ட கேளு. கலரு புடிச்சா எட்த்துக்கோ, புடிக்கலன்னா வுட்டுடு, நா நல்லாருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன்." இதைக் கேட்டுவிட்டு ஜனங்கள் முன்னைவிட அதிகமாக வாங்குகிறார்களாம்! நானும் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அப்படியே தூங்கிப்போனாள், அவள் கால் என் கால்மேல். இவள் என் பக்கத்தில் இப்படித் தூங்கி வருஷக்கணக்காகிறது.

மார்ச் 26, புதன்

இதை எப்படி எழுதுவது?

விடிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நேற்றுவரை செய்தது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கைனாத்துக்கு நல்ல மார்க், அவர் கடைக்கு பரக்கத், எனக்கு முட்டிவலி போக வேண்டும். கேட்டுக்கொண்டே வரும்போது, கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் தீர்ந்துவிட்டது. வாய் நின்றுவிட்டது. நானும் அப்படியே இருந்தேன்.

இத்தனை வருஷமாக நான் அவனுக்கு வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். பேசுவது, அனுப்புவது, அடுத்த வேலைக்குப் போவது. அந்தப் பக்கம் ஒருவன் இருக்கிறான், அவனோடு சும்மா இருக்கலாம் என்று தோன்றியதே இல்லை.

சும்மா இருந்தேன். ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்து முதலில் பீரோவின் கைப்பிடியில் விழுந்தது, பிறகு முஸல்லாவில், பிறகு என் மடியில். ஒரு விமானம் போனது. தொந்தரவாக இல்லை. முந்தாநாள் தூங்கினதும் தப்பாகத் தோன்றவில்லை. அசந்து வந்தவளை முதலில் தூங்கவைத்திருக்கிறான், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. சந்தோஷமாக இருந்தது. காரணமே இல்லாத சந்தோஷம், சின்ன வயசில் லீவு விட்ட முதல் நாள் காலையில் இருக்குமே, அது. அல்ஹம்துலில்லாஹ்.

மார்ச் 27, வியாழன்

நேற்று அவ்வளவு எழுதினேனே, இன்று பார்.

சாயங்கால அஸருக்குப் பிறகு ஜெயக்கொடி அக்கா மேலே வந்து திரைக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "உன் கஸ்டமருங்க எல்லாம் உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்றாங்க. அவுங்களுக்கோசரம் வேண்டிக்கணுமாம்." இதிகாஃபில் இருப்பவர்களிடம் துஆ செய்யச் சொல்வது வழக்கம்தான். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். முடிச்சூர் பெண்ணுக்குக் குழந்தை வேண்டும். பெருங்களத்தூர் அம்மாவின் மகனுக்கு விசா. ஒருத்திக்கு மாமியார் வேறு வீட்டுக்குப் போக வேண்டும், ஒரு மாமியாருக்கு மருமகள் வழிக்கு வர வேண்டும். அக்கா சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருக்கிறது.

இஷாவுக்குப் பிறகு துஆ செய்ய உட்கார்ந்தால் பேர் மாறுகிறது. விசா யாருக்கு, குழந்தை யாருக்கு? யாரையாவது விட்டுவிட்டேனா? முடிச்சூருக்கு ரெண்டு தடவை கேட்டுட்டேனா? அய்யோ, துஆவும் ஆர்டர் மாதிரி ஆயிடுச்சே! மறுபடி அதே படபடப்பு, அதே வேர்வை. போன் இல்லாமலே எனக்கு இது வருகிறது என்றால் கோளாறு போனில் இல்லை போலிருக்கிறது. திரைக்கு இந்தப் பக்கமும் நான் அதே ஜஹீராதான்.

மார்ச் 28, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன், இனிமேல் கொண்டுவராதீர்கள் என்று. சொல்லும்போதே குற்றவுணர்ச்சி, மறுத்துப் பேசுவார் என்று பயம்.

அக்கா சட்டென்று சொன்னார்: "நா கோயிலுக்குப் போனா, தெருவுல கீறவங்க எல்லாரும் நல்லாருக்கணும்னு ஒரே கும்புடா போட்டுட்டு வந்துடுவேன். யாரு இன்னா கேட்டாங்கன்னு அவருக்குத் தெரியாதா? நீ போயி எட்த்துக் குடுக்கணுமா?"

திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவ்வளவுதானே! கேட்டவர்கள் எல்லாரையும் மொத்தமாக அவன் கையில் விட்டேன். பேர் சொல்லவில்லை. முடிச்சூர் பெண்ணின் முகம் மட்டும் ஒரு தரம் வந்துபோனது.

எழுதி முடித்தேன் என்று பார்த்தால் மாலையில் பெரிய சோதனை. கீழே ஒரே கத்தல். ஒரு கஸ்டமர் நேரிலேயே வந்துவிட்டாள். மகளின் பெருநாள் உடுப்பு அளவு மாறிப்போய்விட்டதாம். "உங்கள எனக்குத் தெரியாது, ஜஹீரா அக்காவ வரச் சொல்லுங்க! மேலதானே இருக்காங்க, ரெண்டு நிமிஷம் எறங்கி வந்தா என்ன கொறஞ்சு போயிடும்?"

நியாயமாகத்தான் கேட்கிறாள். தப்பு நடந்தது என் பேரில். இத்தனை வருஷம் சேர்த்த நல்ல பேர். அக்கா பாவம், வாங்கிக் கட்டிக்கொள்கிறார். ரெண்டு நிமிஷம். போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். முறிந்தால் ஒரு நாள் நோன்பு வைத்துக் களாச் செய்து ஈடுகட்டிக்கொள்ளலாமே, போன வருஷம் செய்யவில்லையா—

"அம்மா! கால்!"

கைனாத் கத்திய பிறகுதான் பார்த்தேன். நான் எழுந்து நின்றிருக்கிறேன். வலது கால் தூக்கியபடி, திரையின் ஓரத்தை முட்டிக்கொண்டு. அந்தக் காலை அப்படியே வைத்துக்கொண்டு, கொக்கு மாதிரி நின்றேன். கீழே அக்காவின் குரல் கேட்டது, கோபமே இல்லாமல்: "தப்பு என்துதாம்மா. நாந்தான் மாத்திக் குட்த்துட்டேன். கொயந்தயக் கூட்டிகினு உள்ள வா, ஒக்காரு. உன் சைஸு இன்னா கண்ணு? அட, இந்தப் பச்ச உனுக்கு எவ்ளோ எடுப்பா கீது!"

கத்தல் பேச்சானது. பேச்சு சிரிப்பானது. நான் காலை உள்ளே வைத்தேன்.

நான் இல்லாமலே முடிந்துவிட்டது. நானாக இருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன், இவ்வளவு அழகாக முடிந்திருக்காது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. முஸல்லாவில் உட்கார்ந்ததும் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது மாதிரி இருந்தது. உலகத்தை நான் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அல்லாஹ்வே, எவ்வளவு நிம்மதி இது!

மார்ச் 29, சனி

எழுத ஒன்றும் இல்லை. நாள் முழுக்க அவனோடு இருந்தேன். பாட்சா வைத்த ரசத்தில் புளி இல்லை, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

இன்று இருபத்தொன்பதாவது நோன்பு. பிறை தெரிந்தால் நாளை பெருநாள், இதிகாஃப் முடிந்தது. தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள்.

வருஷா வருஷம் இந்த நேரத்தில் போனும் கையுமாக, 'தெரிஞ்சுதா, தெரிஞ்சுதா' என்று எல்லா குரூப்பிலும் கேட்டுக்கொண்டிருப்பேன். பெருநாள் வந்தால் போதும், வேலை முடிந்தால் போதும் என்று இருக்கும். இன்று மஃரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்து ஒரே துஆ: தெரிய வேண்டாம். மேகம் போடட்டும். இன்னும் ஒரே ஒரு நாள். தாம்பரம் முழுக்கப் பிறை தெரிய வேண்டும் என்று நிற்கையில், தெரியக் கூடாது என்று கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மொட்டை மாடியில் கால் சத்தங்கள். கைனாத், பாட்சா, அக்காவும் ஏறியிருக்கிறார். "அதா, அந்த வேப்பமரத்துக்கு மேல பாரு." "எங்கக்கா? அது ப்ளேனு லைட்டு." "ப்ளேனு எனுக்குத் தெரியாதா? நகம் மாதிரி கீது பாரு!" பிறகு கைனாத்தின் கூச்சல். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் சொல்லிவிட்டார்கள்.

அழுதேன். நன்றாக, சத்தம் வர அழுதேன். ஒரு நாள் கூடக் கொடுத்தால் உனக்கு என்ன குறைந்துவிடும் என்று அவனோடு சண்டை போட்டேன். சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாளை எப்படித் தள்ளப் போகிறேன் என்று நடுங்கினவளா இது!

திரைக்கு வெளியே பாட்சா வந்து நின்றார். "பெருநாள் வந்தாச்சு. வெளிய வரலாமே?"

"வர்றேன். கொஞ்ச நேரம்."

அவர் போகவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து திரையில் முதுகைச் சாய்த்தார். சூரியகாந்திப் பூ என் பக்கம் புடைத்தது. நானும் இந்தப் பக்கம் முதுகைச் சாய்த்தேன். 

மார்ச் 31, திங்கள்

பெருநாள். பிரியாணி, சேமியா, விருந்தாளிகள், ஓயாத ஸலாம். முதல் டப்பா பிரியாணியோடு கீழே இறங்கினேன். எல்லாச் செட்டும் விற்றுவிட்டார் அக்கா, மஸ்டர்ட் உட்பட! போனைப் புடவைத் தலைப்பால் துடைத்து என்னிடம் கொடுத்தார். கொடுத்த பிறகு அந்தக் கை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் கிடந்ததைப் பார்த்தேன். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், மேலே ஓடிவந்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

நாலே நாள். திரையை அவிழ்த்து மடித்து வைத்தாயிற்று. பீரோவில் கோடைக்கு வந்த காட்டன் நைட்டி நிறைந்துவிட்டது. இன்று அஸர் தொழுகையில் டிங் என்றதும் மனசு எழுந்து போய்விட்டது. ஸலாம் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து பயந்தேன். போய்விட்டதா? அவ்வளவுதானா? பத்து நாள் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டானா?

பால் வாங்கக் கீழே இறங்கினால், அக்கா வாசல்படியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய போன், ஸ்கிரீன் அணைந்து.

"தயாளன் பேசினானாக்கா?"

"ஞாத்திக்கெழமதான."

பால் வாங்கவில்லை. மேலே போய் என் போனை எடுத்துக்கொண்டு திரும்ப வந்தேன். "அக்கா, தினமும் அஸர் நேரத்துக்குக் கொஞ்சம் இதப் பாத்துக்கறீங்களா? நைட்டி விக்கணும். லாபத்துல பாதி உங்களுக்கு."

"அய்ய, எனுக்கு வேற வேல இல்லியா?" என்றார். அதைச் சொல்லும்போதே போன் அவர் கையில் இருந்தது, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 9, புதன்

பாங்கு சொல்வதற்கு முன்பே அக்கா மேலே வந்துவிட்டார். தலைக்குப் பூ வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையை நீட்டியபடி வாசலில் நின்றார். கொடுத்தேன்.

"அரை மணி நேரத்துல வந்து வாங்கிக்கறேன்க்கா."

படியில் பாதி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். போன் அதற்குள் இரண்டு தரம் டிங் என்றுவிட்டது.

"அரை அவர்ல இன்னா பேச முடியும்? நீ ஒரு மணி நேரமாவே உக்காந்துக்கோயேன், ஜஹீரா."

உட்கார்ந்துகொண்டேன்.